கச்சானுக்குள் கரட் இலை போல ஒரு களை: இது பார்த்தீனியமா?

குச்சவெளி மேட்டுநிலம் | நவம்பர் 8, இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலை மாவட்டத்தின் குச்சவெளியில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மேட்டுநிலம் இருக்கிறது. ஐப்பசி மழையை நம்பிக் கச்சான் (நிலக்கடலை) விதைத்து இன்றைக்கு 24 நாள். முளைப்பு நன்றாக இருக்கிறது. ஆனால் கிழக்கு மூலையில், கால் ஏக்கர் அளவில், எங்கள் நிலத்தில் இதுவரை கண்டிராத ஒரு செடி முளைத்திருக்கிறது. நிலத்தோடு ஒட்டி, வட்டமாக இலை விரித்துப் படுத்திருக்கிறது. இலை கரட் இலை போலக் கிழிந்து கிழிந்து, வெளிறிய பச்சையாக இருக்கிறது. அம்மா செவ்வந்தி என்கிறார். பக்கத்து வீட்டு மாமா மாசிப்பத்திரி என்கிறார். பிடுங்காதே, கோயிலுக்குக் கொடுக்கலாம் என்றும் சொல்கிறார்.

வேலியோரம் இதே செடி இடுப்பளவு உயர்ந்து, பொடிப் பொடியாக வெள்ளைப் பூ பூத்து நிற்கிறது. வேலிக்கு அப்பால் உள்ள காணியின் சொந்தக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார். அந்தக் காணி முழுவதும் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஒரு விடயம் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆவணியில் வெளியிலிருந்து வாங்கிய இரண்டு லோட் மாட்டெருவை அந்தக் கிழக்கு மூலையில்தான் குவித்து வைத்திருந்தோம்.

கடைக்காரர் வயலுக்கு அடிக்கும் அகன்ற இலை மருந்து ஒன்று இருக்கிறது, ஒரே தடவையில் கருகிவிடும் என்கிறார். வாங்கலாமா?

நிலாவெளி வெங்காயம் | நவம்பர் 8, இரவு 9.15

தம்பி, மருந்து வாங்குவதை இரண்டு நாள் தள்ளி வையுங்கள். முதலில் செடி எது என்று தெரிய வேண்டும்.

நாளைக் காலை ஒரு பொலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு போங்கள். வெறுங்கையால் தொட வேண்டாம். வேலியோரத்துப் பெரிய செடியின் தண்டைப் பாருங்கள். நீளவாக்கில் வரி வரியாகப் பள்ளம் ஓடுகிறதா? தண்டிலும் இலையிலும் மெல்லிய மயிர் இருக்கிறதா? பிறகு ஒரு பூவைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். நாம் பூ என்று நினைப்பது பல சிறு பூக்கள் சேர்ந்த ஒரு தலை. குறுணல் அரிசியளவுதான் இருக்கும், நாலு மில்லிமீற்றர். மேலிருந்து பார்த்தால் ஐந்து மூலை தெரியும். ஒவ்வொரு மூலையிலும் ஒரு குட்டி வெள்ளை இதழ். அந்த ஐந்து இதழுக்கும் அடியில் ஐந்து விதை. நூறு தலையை எண்ணினால் ஐந்நூறு விதை, கணக்கு அவ்வளவு நேரானது.

மாசிப்பத்திரி என்றால் இலையின் அடிப்பக்கம் சாம்பல் பூசியது போல வெளுத்திருக்கும், கசக்கினால் கோயில் வாசம் வரும். செவ்வந்தி இலை தடித்திருக்கும், இவ்வளவு ஆழமாகப் பிளந்திராது. வெட்டுக்காயப் பூண்டையும் சிலர் இதோடு குழப்புவார்கள். அதன் இலை பிளந்திருக்காது, ஓரத்தில் பல் மட்டும்தான். பூவும் நீண்ட காம்பில் ஒன்றே ஒன்றாக, நடுவில் மஞ்சளோடு நிற்கும்.

குச்சவெளி மேட்டுநிலம் | நவம்பர் 9, காலை 10.05

அண்ணா, பார்த்துவிட்டேன். தண்டில் பள்ளம் இருக்கிறது, மயிர் இருக்கிறது. பூவில் ஐந்து மூலை தெளிவாகத் தெரிகிறது. இலையின் அடிப்பக்கம் வெளுக்கவில்லை, வாசமும் இல்லை. மாமாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவரும் மாசிப்பத்திரி இல்லை என்று ஒத்துக்கொண்டார்.

ஒரு கிளையில் மட்டும் 140 தலை எண்ணினேன். அந்தச் செடியில் அப்படிப் பதினொரு கிளை. அதாவது ஒரு செடியில் 7,700 விதை. அந்த வேலியோரத்தில் முப்பது செடிக்கு மேல் நிற்கிறது. நேற்று வரை இதை ஒரு புல் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது வயிற்றைப் பிசைகிறது.

கந்தளாய் வாய்க்கால் | நவம்பர் 9, பகல் 12.30

பார்த்தீனியமேதான். வேலியோரத்தைப் புல்வெட்டும் மெசினால் அடியோடு வெட்டிவிடுங்கள். இரண்டு மணித்தியால வேலை. நாங்கள் வாய்க்கால் கரையில் அப்படித்தான் செய்கிறோம்.

கிண்ணியா வயல் | நவம்பர் 9, பிற்பகல் 2.10

அஸ்ஸலாமு அலைக்கும். கந்தளாய்க் காக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது. வெட்டுகிற வேலையை நான் இரண்டு வருடம் செய்து பார்த்தவன். வரம்பில் நின்றதை மெசினால் வெட்டினேன். பத்துப் பதினைந்து நாளில் அடிக்கட்டையிலிருந்து நாலைந்து கிளை கிளம்பியது. முன்பு முழங்காலுக்கு மேல் பூத்தது, பிறகு கணுக்கால் உயரத்திலேயே பூக்கத் தொடங்கியது. அந்த உயரத்தில் மெசினுக்கும் அகப்படாது. பூத்த செடியை வெட்டினால் இன்னொரு கேடும் இருக்கிறது: கத்தி சுழலும் வேகத்தில் விதை நாலு பக்கமும் பறக்கும்.

வேரோடு பிடுங்கியதுதான் எனக்குக் கைகொடுத்தது. அதுவும் மழை பெய்து மண் ஈரமாக இருக்கும் மறுநாள் காலையில். காய்ந்த மண்ணில் இழுத்தால் கழுத்தில் அறுந்து வேர் உள்ளே நின்றுவிடும், அது வெட்டியதற்குச் சமம்.

வயலுக்குள் இதைப் பற்றி அவ்வளவு பயம் வேண்டாம். தண்ணீர் நிற்கும் இடத்தில் இது தலையெடுக்காது. வரம்பும், அறுவடைக்குப் பிறகு சும்மா கிடக்கும் வயலும், மேட்டுநிலமும்தான் இதன் இடம்.

கந்தளாய் வாய்க்கால் | நவம்பர் 9, பிற்பகல் 3.00

கோபம் ஒன்றும் இல்லை தம்பி. நீங்கள் சொன்ன பிறகு யோசிக்கிறேன். எங்கள் கரையிலும் வருடா வருடம் குட்டையாகிக்கொண்டே வருகிறது. மழை குறைவு என்று நினைத்திருந்தோம். ஆனால் அந்த வாய்க்கால் தண்ணீர் தம்பலகாமம் வரைக்கும் போகிறது. வெட்டிய விதை அதில் மிதந்து போயிருக்குமே என்று இப்போது மனது கிடந்து அடிக்கிறது.

ஓய்வுபெற்ற போதனாசிரியர் | நவம்பர் 9, இரவு 7.45

மகன், கடைக்காரர் சொன்ன மருந்தைத் தயவுசெய்து அடித்துவிடாதீர்கள். ஏன் என்று விளக்கமாகவே எழுதுகிறேன், இந்தத் தவறை ஒவ்வொரு போகமும் யாரோ ஒருவர் செய்கிறார்.

வயலுக்கு அடிக்கும் எம்.சி.பி.ஏ. போன்ற மருந்து அகன்ற இலைச் செடிகளைத் தேடிக் கொல்லும். நெல் புல் இனம், அதனால் தப்புகிறது. கச்சான் அகன்ற இலைப் பயிர். பயறும் கௌபியும் மிளகாயும் அப்படியே. களை எந்த வகையோ பயிரும் அதே வகை. மருந்துக்கு உங்கள் கச்சானையும் பார்த்தீனியத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. சோளத்திலோ நெல்லிலோ வரம்போரத்திலோ இளஞ்செடியாக இருக்கும்போது அந்த வகை மருந்து கேட்கும். அங்கேயும் பக்கத்தில் மிளகாய்த் தோட்டம் இருந்தால் காற்றைப் பார்க்க வேண்டும். சிறுபோகத்தில், ஆனி ஆடியில் கச்சான் காற்று எனும் தென்மேற்குக் காற்று வீசும் நாட்களில், இந்த மாவட்டத்தில் பகலில் மருந்து அடிப்பதே பிழை. விடியற்காலையில், இலை அசையாத நேரத்தில்தான் தெளிகருவியைத் தோளில் போட வேண்டும்.

கிளைபோசேட் பற்றியும் யாராவது கேட்பீர்கள். அது தொட்ட பச்சையெல்லாம் சாகும், பயிருக்குள் பேச்சுக்கே இடமில்லை. 2015 இல் அதற்குத் தடை வந்தது, 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தினார்கள், அதன் பிறகும் விதிகள் மாறின. எந்த மருந்தானாலும் இன்றைக்கு அனுமதி உள்ளதா என்பதைக் கமநல சேவை நிலையத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள். அளவைப் போத்தலில் ஒட்டியிருக்கும் தாளில் பாருங்கள், கடைக்காரரின் வாயில் அல்ல.

உங்கள் கச்சானுக்கு 24 நாள் என்கிறீர்கள். அது நல்ல செய்தி. காய் பிடிக்கும் விழுது மண்ணுக்குள் இறங்கத் தொடங்கும் நாற்பதாம் நாள் வரை சுரண்டியால் களை எடுக்கலாம், மண்ணும் அணைக்கலாம். அதற்குப் பிறகு மண்ணைக் கிளறினால் காய் போய்விடும், கையால் மட்டுமே பிடுங்க வேண்டும். பார்த்தீனியம் முளைத்து நாலு கிழமையிலேயே பூக்கக் கூடியது. ஆகவே உங்களுக்கு இருக்கும் அவகாசம் அடுத்த சில நாட்கள்தான். நிலத்தோடு படுத்திருக்கும் பருவம் முடிந்து நடுவில் தண்டு எழும்பிவிட்டால் பூவுக்கு அதிக நாள் எடுக்காது. வெள்ளையாகக் கண்ணில் பட்ட பிறகுதான் களை எடுப்பது என்று இருப்பவர்கள் இந்தக் களையிடம் எப்போதும் தோற்றுக்கொண்டே இருப்பார்கள்.

இது எங்கள் ஊர்ச் செடி இல்லை. மெக்சிக்கோ வளைகுடாவைச் சுற்றிய நாடுகள் இதன் தாயகம். இந்தியாவில் 1955 வாக்கில் பூனாவில் கண்டார்கள். இலங்கையில் 1999 இல் வவுனியாவில் இருப்பது பதிவானது. இந்திய அமைதிப்படைக் காலத்தில் இறைச்சிக்குக் கொண்டுவந்த ஆடுகளோடு வந்தது என்று வடக்கில் ஒரு கதை சொல்வார்கள். எப்படி வந்திருந்தாலும், வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானைக்கு ஏ29 வீதி, அங்கிருந்து திருகோணமலைக்கு ஏ12 வீதி. லொறிச் சக்கரத்துச் சேற்றுக்கு அதற்கு மேல் வழி காட்ட வேண்டியதில்லை. 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இது அறிவிக்கப்பட்ட களை. காணியில் இருந்தால் அழிக்க வேண்டியது காணிக்காரரின் கடமை. பக்கத்துக் காணி விடயத்தில் இந்தச் சட்டம் உங்களுக்குப் பேச ஒரு பிடி தரும்.

உப்புவெளி வாசகர் | நவம்பர் 9, இரவு 8.30

உப்புத் தண்ணீர் தெளித்தால் சாகும் என்று கேள்விப்பட்டேன். ஒரு லீற்றருக்கு 200 கிராம் கறியுப்பு. செலவும் குறைவு, நஞ்சும் இல்லை. வேலியோரத்துக்கு அதைச் செய்யலாமே?

நிலாவெளி வெங்காயம் | நவம்பர் 9, இரவு 8.50

வேண்டவே வேண்டாம். சாகும் என்பது உண்மை. இந்தியாவில் வீதியோரங்களுக்கும் தரிசுகளுக்கும் அதைச் சொல்கிறார்கள். ஆனால் எங்கள் கரையோர மண் மணல். ஊற்றியது நேரே கீழே இறங்கும். என் கிணற்றில் ஆவணி மாதம் தண்ணீர் கரிக்கத் தொடங்கும்போது வெங்காயத்தின் தாள் நுனி காய்வதைப் பார்த்துப் பார்த்து நொந்தவன் நான். கடல் ஒரு பக்கம் தருகிற உப்பே போதும். இன்னொரு பக்கத்திலிருந்து நாமே உப்பை இறைப்பதா?

சம்பூர் | நவம்பர் 10, காலை 6.20

நான் கூலிக்குக் களை பிடுங்கப் போகிறவள். எல்லோரும் பிடுங்கு, பிடுங்கு என்று எழுதுகிறீர்கள். பிடுங்குகிற கையைப் பற்றி ஒரே ஒருவர்தான் ஒரு வரி எழுதினார், அதனால் எழுதுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு தோட்டத்தில் நாங்கள் ஆறு பெண்கள் இந்தச் செடியை நாலு நாள் வெறுங்கையால் பிடுங்கினோம். அதன் பெயரைக்கூட யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. முதல் இரண்டு நாள் ஒன்றும் இல்லை. நாலாம் நாள் இரவு விரல் இடுக்கில் அரிப்பு. பிறகு மணிக்கட்டு, கழுத்து, கண் இமை. தோல் தடித்துக் கறுத்து வெடித்தது. வைத்தியசாலையில் களிம்பு தந்தார்கள், இறங்கியது. ஆனால் இப்போது அந்தச் செடி பூத்திருக்கும் வழியால் நடந்தாலே கண் இமை வீங்குகிறது. சோறு பிசைந்தால் விரல் எரிந்த நாட்கள் இருந்தன. என்னோடு வந்த ஒரு பிள்ளைக்கு மூச்சிழுப்பு வந்தது.

கூலிக்கு ஆள் பிடிப்பவர்கள் கையுறை வாங்கிக் கொடுங்கள். முழுக்கைச் சட்டை, வாய்க்கும் மூக்குக்கும் துணி. வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவத் தண்ணீர் வையுங்கள். அந்த உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு போட்டுத் துவைக்க வேண்டாம். ஏற்கெனவே அரிப்பு உள்ளவரை இந்த வேலைக்குக் கூப்பிடவே வேண்டாம்.

ஓய்வுபெற்ற போதனாசிரியர் | நவம்பர் 10, காலை 7.00

தங்கச்சி, நீங்கள் எழுதியதை நான் நேற்றே முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். பார்த்தெனின் என்ற பொருள் இந்தச் செடி முழுவதும் இருக்கிறது. தோல் அதை ஒருமுறை பகையாக எடுத்துக்கொண்டால் பிறகு சிறிதளவும் தாங்காது. முதல் நாளில் ஒன்றும் தெரியாததால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள்.

கச்சான்காரருக்கு இன்னொன்று. 2000 ஆம் ஆண்டில் ஆந்திராவின் அனந்தபூரில் கச்சான் தண்டு கருகும் நோய் வந்து இரண்டு இலட்சம் ஹெக்டேயருக்கு மேல் பாதித்தது. வைரசு நோய் அது. அந்த வைரசு பார்த்தீனியத்தில் நோய்க்குறி காட்டாமலே தங்கியிருந்து, அதன் மகரந்தத்தோடும் இலைப்பேன்களோடும் சேர்ந்து கச்சானுக்குப் போயிருந்தது. வேலியோரத்துச் செடி வேலியோரத்தில்தானே நிற்கிறது என்று விடக் கூடாததற்கு அதுவும் ஒரு காரணம்.

மூதூர் பட்டி | நவம்பர் 10, இரவு 9.00

என்னிடம் நாற்பது மாடு இருக்கிறது. மாடு இதை விரும்பித் தின்னாது. மேய்ச்சல் இல்லாத காலத்தில் வாய் வைக்கும், அப்போது பாலில் கசப்பு வரும். எரு குவித்த மூலையில்தான் முளைத்தது என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். மாடு தின்னாத செடியின் விதை எருவுக்குள் எப்படி வரும்?

கிண்ணியா வயல் | நவம்பர் 10, இரவு 9.40

தின்று வர வேண்டும் என்றில்லை காக்கா. பட்டிக்குள் வைக்கோல் போடுகிறீர்கள் அல்லவா, வரம்போரத்துச் செடி அதோடு சேர்ந்து வரும். மாட்டின் காலில் ஒட்டிய சேற்றில் வரும். பட்டியைச் சுற்றி நிற்கிற செடி விதையை எருக் குவியலின் மேலேயே கொட்டும். அறுவடை இயந்திரத்திலும் இப்படித்தான். போன வருடம் வெளி மாவட்டத்திலிருந்து வந்த இயந்திரத்தை வயலுக்குள் விடுவதற்கு முன் வீதியிலேயே நிறுத்திக் கழுவச் சொன்னேன். சாரதி முறைத்தார். கழுவிய இடத்தில் இரண்டு கிழமைக்குப் பிறகு போய்ப் பார்த்தேன், சேறு விழுந்த இடத்தில் மட்டும் ஒன்பது முளை.

குச்சவெளி மேட்டுநிலம் | நவம்பர் 30, இரவு 8.15

மூன்று கிழமை எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். வேலை அப்படி.

நவம்பர் 11 இல் கையுறையோடு நானும் தம்பியும் கிழக்கு மூலையில் தொடங்கினோம். படுத்திருந்த செடிகள் 640. பூக்காதவை என்பதால் குழியில் போட்டு மூடிவிட்டேன். வேலியோரத்தில் பூத்தவற்றுக்கு வேறு முறை: முதலில் உரப்பையைத் தலையில் கவிழ்த்து, கழுத்தைக் கட்டி, பிறகு வேரோடு இழுத்தோம். ஒரு விதைகூடக் கீழே விழக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தோம். அந்தப் பைகள் இன்னும் கூரைக்குக் கீழ் காய்கின்றன. தை மாத வெயிலில் குழிக்குள் வைத்து எரிக்கப்போகிறேன், புகை படாத பக்கம் நின்றுகொண்டு.

அடுத்த மழைக்குப் பிறகு போனால் அதே இடத்தில் 210 புது முளை. மனது விட்டுப்போனது. அதற்கடுத்த மழைக்கு 65. இப்போது கச்சான் இலை மூடி நிழல் கட்டிவிட்டதால் கீழே முளைப்பது குறைவு. இடைவெளி விழுந்த இடங்களில்தான் தலை காட்டுகிறது.

ஐயாவிடம் ஒரு கேள்வி. இந்தியாவில் இதைத் தின்னும் வண்டு ஒன்றை விட்டார்களாமே?

ஓய்வுபெற்ற போதனாசிரியர் | நவம்பர் 30, இரவு 9.00

ஆம், மெக்சிக்கோவிலிருந்து கொண்டுவந்து 1984 இல் விட்டார்கள். இலையைத் தின்று மொட்டையாக்கும். ஆனால் அது தனி ஆட்கள் போத்தலில் கொண்டுவந்து விடும் விடயம் இல்லை. வேறு எதையும் தின்னாது என்று தனிமைப்படுத்திச் சோதித்த பிறகே அரசாங்கம் செய்யக் கூடிய வேலை.

உங்கள் கணக்கு எனக்கு மகிழ்ச்சி தருகிறது. 640, 210, 65. மண்ணுக்குள் புதைந்த விதை பல வருடம் உயிரோடு இருக்கும், அதனால் அடுத்த பெரும்போகத்திலும் முளைக்கும். அப்போது விதைப்பதற்கு முன் முதல் மழைக்கு முளைக்க விட்டு, மேலாக ஒரு தடவை கிளறிக் கொன்றுவிட்டு, பிறகு விதையுங்கள். ஆழ உழ வேண்டாம், கீழே கிடக்கும் விதையை நீங்களே மேலே கொண்டுவந்துவிடுவீர்கள்.

வேலியோரம் வெறுமையாகக் கிடக்கக் கூடாது. தகரை விதையைத் தூவுங்கள். நெருக்கமாக வளர்ந்து இதை அமுக்கும், இந்தியாவில் செய்து கண்ட முறை.

சம்பூர் | டிசம்பர் 1, காலை 6.10

தகரை என்றால் என்னிடம் ஒரு சாக்கு விதை இருக்கிறது. இளம் இலை வறைக்கும் ஆகும். பஸ்ஸில் அனுப்பிவிடுகிறேன் தம்பி, காசு வேண்டாம்.

குச்சவெளி மேட்டுநிலம் | டிசம்பர் 1, காலை 7.30

நன்றி அக்கா. பக்கத்துக் காணிக்காரரோடு நேற்று இரவு தொலைபேசியில் கதைத்தேன். அவருக்குச் செடியின் பெயரே தெரியாது. படம் அனுப்பினேன். துப்புரவாக்கச் சம்மதம், கூலியில் பாதியும் தருகிறேன் என்றார். பதினான்காம் தேதி ஞாயிறு சிரமதானம் வைக்கிறோம். முதல் நாள் மழை பெய்தால் நல்லது. கையுறை இருபது சோடி வாங்கிவிட்டேன். நிலாவெளி அண்ணாவும் கிண்ணியா நண்பரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

மூதூர் பட்டி | டிசம்பர் 1, இரவு 8.50

இரண்டு நாளாக இதைத் திருப்பித் திருப்பி வாசித்தேன். இன்று பின்னேரம் வெளிச்சத்தோடு பட்டியைச் சுற்றி நடந்தேன். வைக்கோல் போருக்குப் பின்னால், நான் போகாத பக்கம், பதினேழு செடி நின்றது. நாலு பூத்துவிட்டது. எருக் குவியல் அதிலிருந்து ஆறு எட்டுத் தூரம்.

நாளைக் காலை இரண்டு லோட் எரு ஏற்றுவதற்கு உழவு இயந்திரம் வருவதாக இருந்தது. வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். குவியலை நனைத்துத் தறப்பாள் போட்டு மூடி வைத்தால் விதை செத்துவிடுமா, எத்தனை நாள் வைக்க வேண்டும் என்று ஐயா சொல்ல வேண்டும்.

ஓய்வுபெற்ற போதனாசிரியர் | டிசம்பர் 1, இரவு 9.20

நடுவில் கை வைக்க முடியாத சூடு ஏற வேண்டும். ஏறியதும் புரட்டி, வெளியே இருந்ததை உள்ளே தள்ளி, மறுபடி மூடுங்கள். ஓரத்தில் கிடக்கும் விதைக்குச் சூடு எட்டாது, அதனால் மூன்று தடவையாவது புரட்ட வேண்டும். பிறகு ஒரு கூடை எருவை எடுத்து நனைத்து, நிழலில் பரப்பி, மூன்று கிழமை பாருங்கள். முளை வராவிட்டால் விற்கலாம். பூத்த அந்த நாலு செடியையும் இன்றிரவே பையால் மூடிக் கட்டிவிடுங்கள் தம்பி, காலையில் காற்று எழும்ப முன்.